தலை இல்லாத ஆமையின் நெஞ்சு

எந்தம்பி இன்னாசியோட பொண்டாட்டி பிலோமிக்கு எதையும் கிண்டிப் பாக்கலன்னா சோறு எறங்காது. ராயபுரம் மார்க்கெட்டுல மீன் விக்கிறவ, வித்துட்டு வூட்டுக்கு வரவேண்டியதுதானே? அறுத்த மீனோட குடலை விரலால நீவிப் பாத்துகினு குந்திகினு இருப்பா. "கலீஜு புடிச்சவளே, கையக் கழுவுடி"ன்னு நான் கத்துவேன். சிரிப்பாளே தவிர கழுவ மாட்டா.

வெள்ளைக்காரன் போயி அஞ்சாறு வருசம் இருக்கும். ஹார்பர்ல கப்பல்லருந்து மூட்டை எறக்குறப்போ கயிறு அறுந்து ஒரு மூட்டை தம்பி இடுப்பு மேல வுழுந்துச்சு. உசுரு தங்கிச்சு, காலு ரெண்டும் போச்சு. ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையா சொன்னாரு: "கையி காலு சதை மூளை சொன்னாதான் ஆடும். சேதி கொண்டுபோற நரம்பு முதுகுல நசுங்கிடுச்சு. குடல்ல இருக்கிறது வேற தினுசு, அது தானா ஊர்ந்து சோத்தைத் தள்ளும். இதயம் மூணாவது தினுசு. அது யார் சொல்லுக்கும் காத்திருக்காது, தானே துடிக்கும். பயப்படாதே."

அவன் எங்க கேட்டான்? இன்னிக்குக் காலு, நாளைக்கு நெஞ்சுன்னு மனசுல வுழுந்துடுச்சு. தூங்கிட்டா நெஞ்சை ஓட்ட ஆளு இல்லன்னு, கைய அது மேல வெச்சிகினு முழிச்சிகினே கெடந்தான். கண்ணு அசந்தா தூக்கிவாரிப் போடும். மூஞ்சி சுண்டிப்போச்சு, பேச்சு கொழறுச்சு. இப்படியே போனா செத்துடுவான். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னா, "அவரு உள்ள போயிப் பாத்தாரா?"ன்னு கேப்பான்.

"நியாயமாத்தானே கேக்குறாரு அக்கா? பாத்துடலாமே"ன்னா பிலோமி.

"இன்னாத்தடி பாக்கப்போற, என் தம்பி நெஞ்சைக் கீறியா?"ன்னு எரிஞ்சு வுழுந்தேன்.

அப்போல்லாம் வலையில மாட்டுற கடலாமையைக் காசிமேட்டுல அறுத்துக் கறி விப்பாங்க. ஒரு நாள் காலையில பிலோமி அங்கருந்து ஒரு பேசின் நெறைய கடல் தண்ணியில என்னத்தையோ தூக்கிகினு ஓடியாந்தா. ஆமையோட காலு சதை, குடல் துண்டு, நெஞ்சு. கொண்டாந்து தம்பி பக்கத்துல வெச்சா.

காலு சதை சும்மா கெடந்துச்சு. எடுத்து உப்பைத் தூவினா, வெடுக்குனு துள்ளி அடங்கிடுச்சு. "பாத்தியா, உசுப்பினாத்தான் இது"ன்னா. குடலு யாரும் தொடாம புழு மாதிரி மெல்ல நெளிஞ்சுச்சு. ஆனா அந்த நெஞ்சு! மாதாவே, சுருங்குறதும் விரியறதுமா அது பாட்டுக்கு வேலை பாத்துகினு கீது. நான் சிலுவை போட்டுகினேன்.

தம்பி எட்டிப் பாத்தான். "தலை எங்க?"

"காசிமேட்டுல கெடக்குது."

"அப்போ இத்த யாரு ஓட்டுறா?"

"யாருமில்லய்யா. அந்தச் சதையே அப்படித்தான்."

எடுத்து அவன் உள்ளங்கையில வெச்சா. கொழந்தை கணக்கா பாத்துகினே இருந்தான். "அடேங்கப்பா, சோக்காத்தான் அடிக்குது"ன்னு சிரிச்சான். அடிபட்டதுலருந்து அவன் சிரிச்சு நான் பாக்கல. தன் நெஞ்சு மேல இருந்த இன்னொரு கை தானா நழுவி பாயில வுழுந்துச்சு. அப்படியே தூங்கிட்டான்.

பிலோமி ஆமை நெஞ்சைத் திரும்ப பேசின்ல வுட்டா. கொஞ்ச நேரம் போயி அது தளர்ந்துச்சு. விரலால சீண்டினா. ஒரு துடி துடிச்சுது. மறுபடி சீண்டினா. ஒண்ணுமில்ல.

அவ சட்டுனு திரும்பி தம்பி நெஞ்சு மேல கைய வெச்சிகினு குந்திட்டா. மார்க்கெட்டுக்குப் போவல, ஒரு வாய் கஞ்சி குடிக்கல. பேசினை நான்தான் கொல்லையில கொண்டுபோயி வெச்சேன்.

"தானா துடிக்கும்னு நீதானேடி சொன்ன?"

"சொன்னேன் அக்கா. இருந்தாலும் பயமா கீதே."

பொழுது சாயறப்போ தம்பி கண்ணைத் தொறந்தான். மொதல் வார்த்தையே, "அது இன்னாச்சு?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ முந்திகினா. "கடல்ல வுட்டுட்டேன்யா. துடிச்சிகினேதான் போச்சு."

அவன் தலையாட்டிட்டு மறுபடியும் கண்ணை மூடினான். அவ கைய எடுக்கல.