தின்ற கணக்கில் சேராத பாகு

எங்கள் கடலை மிட்டாய்க் கூடத்தில் பாகு காய்ச்சுவதும், தட்டில் ஊற்றி ஆறினதைக் கத்தி போட்டு வெட்டுவதும் கருத்தப்பாண்டி அண்ணாச்சிதான். தினமும் கடைசித் தட்டில் நாலு துண்டு மட்டும் கோணலாகப் போய்விடும். கோணலைப் பாக்கெட்டில் போட முடியாது. "செல்வி, இது விலைக்குப் போகாது, வீட்டுக்குக் கொண்டு போ" என்று காகிதத்தில் வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார். நான் பாக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்து மூணு வருசம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எனக்குப் பிள்ளைகள் நாலு. நூல் பிடித்தது போல வெட்டுகிற கை, தினமும் நாலே துண்டில் எப்படிக் கோணும்?

அந்த மனுசனுக்குப் போன வருசம் ஆடியில் காலில் வந்தது சோதனை. தைப்பூசத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கிற கூட்டத்தில் நாங்கள் ரெண்டு பேரும் உண்டு. இருபத்தாறு வருசமாக அவர் ஒரு வருசம் விட்டதில்லை. கடைசி நடையில் வலது பெருவிரலில் பட்ட காயம் ஆறு மாசமாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை முந்நூத்திப் பத்து.

"இது இறங்கலைன்னா திருச்செந்தூர் நடையை மறந்துருங்க. விரலே தங்காது" என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா.

அன்றைக்கு அண்ணாச்சி அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரல் போனாலும் போகட்டும் செல்வி, நடை மட்டும் போயிரக்கூடாது" என்றார். விரல் இல்லாமல் எப்படி நடப்பாராம்?

அவர் வீட்டுக்காரி சங்கரம்மாள் மதினி மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டாள். சீனி டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் குதிரைவாலிச் சோறு, ராத்திரி கம்பங்கூழ். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி ஷூ அனுப்பினாள். விடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு கதிரேசன் மலைக்கு ஏறி இறங்கினார். ஐப்பசி மழை விழுந்த மறுநாள், குறுக்கே போகலாம் என்று கரிசல் காட்டுக்குள் இறங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது ஷூ தெரியவில்லை, காலுக்கு ஒரு படி மண் தெரிந்தது. ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி வைத்து வந்தாராம். "இன்னைக்கு ரெட்டை எக்சைஸ்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை செண்பகவல்லி அம்மன் கோயிலில் எனக்கு முன்னால் நின்றார். சக்கரைப் பொங்கல் வாங்கினார், கண்ணில் ஒற்றினார், அப்படியே என் கையில் வைத்துவிட்டார். பிரசாதத்தையா!

"அம்மாகிட்ட சொல்லிட்டேன் தாயி. அவளுக்கு என் கால் தெரியும்" என்றார்.

இத்தனைக்கும் அப்புறம் ஐப்பசிக் கடைசியில் ரத்தம் பார்த்தார்கள். முந்நூத்தி இருபது.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "எங்க ஒளிஞ்சு திங்கீங்க?" என்று கேட்டாராம். பொய் சொல்லி அறியாத மனுசன், முருகன் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறார். டாக்டரம்மாவும் நம்பவில்லை, மதினியும் நம்பவில்லை. சட்டைப் பையெல்லாம் உதறிப் பார்த்தவள், மறுநாள் நேரே கூடத்துக்கே வந்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் அங்கே கால் வைத்ததில்லை.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏட்டி செல்வி, அவியளுக்கு ஒளிச்சு ஒளிச்சு மிட்டாய் குடுக்கது யாரு? நீயா?"

"ஐயோ மதினி, அவிய மிட்டாயத் தொட்டே நான் பாத்ததில்ல. சாமி சத்தியம்!"

அது நிசம். ஒரு துண்டு வாயில் போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் பேசுகிறதொன்றும் அண்ணாச்சி காதில் விழவில்லை, கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டார். உருட்டினார். வாயில் போட்டு 'மடக்'கென்று கடித்தார். தலையாட்டிவிட்டு அடுப்பைக் குறைத்தார்.

மதினி அங்கேயே நின்றுவிட்டாள். "ஏங்க. வாயில என்னது?"

"பாகு."

"பாகா! துப்புங்க!"

"ஏட்டி, நான் எங்க திங்கேன்? பதம்லா பாக்குதேன்."

"முழுங்குனீயளா, இல்லியா?"

"முழுங்காம? வாயில வச்சுக்கிட்டா அடுத்த கொப்பரைக்குப் பதம் எப்படித் தெரியும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை கொப்பரை?"

அண்ணாச்சி யோசித்தார். "பன்னெண்டு. ஒரு கொப்பரைக்கு மூணு தடவ, நாலு தடவ..."

பாக்கெட் போடுகிற ஏழு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். தினமும் எங்கள் கண்ணுக்கு எதிரே நாற்பது உருண்டை வெல்லப்பாகு அந்த வாய்க்குள் போயிருக்கிறது. ஒருத்திக்காவது அது தின்கிறதாகத் தெரிந்ததா? அடுப்பு ஊதுகிற மாதிரி, தட்டு கழுவுகிற மாதிரி, அது வேலை. அவ்வளவுதான்.

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அண்ணாச்சி முகம் செத்துப் போனது சர்க்கரையை நினைத்து இல்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"செல்வி, அப்போ என் கார்த்திகை விரதமெல்லாம்?"

மாசாமாசம் கார்த்திகைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவர். மாலை போட்டால் ஒரு வேளைச் சோறுதான். அத்தனை நாளும் பாகு காய்ச்சத்தான் செய்தார்.

"முருகனுக்குத் தெரியாதா அண்ணாச்சி? நீங்க தெரிஞ்சா செஞ்சீய?" என்றேன்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். இருபத்தாறு வருசம் சிரிச்சிருப்பான்."

அடுத்த நாளிலிருந்து வாயில் வைக்காமல் பதம் பார்க்கப் பழகினார். தண்ணீரில் விட்ட பாகைக் கிண்ண விளிம்பில் தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும். காது கேட்கிறதற்குள் கை வாய்க்குப் போய்விடும். மதினி சொன்னபடி வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிப் பார்த்தார். கை அப்பவும் போனது. பாகு துண்டில் ஒட்டி, துண்டு மீசையில் ஒட்டி, அவிழ்க்க வெந்நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் துண்டை அலசிப் பிழிந்து கொடியில் போட்டார்.

"இந்தக் கை அடுப்பை விட்டாத்தான் அந்தக் கால் நடக்கும்" என்று சொல்லிவிட்டு முதலாளியைப் பார்க்கப் போனார். கொப்பரை என்னிடம் வந்தது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில் நூத்தி அறுபது. காயம் மூடிவிட்டது. ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, காலில் வெள்ளை ஷூ. எட்டயபுரம் தாண்டும்வரை எங்கள் கூட்டத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் நாங்கள் முள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவர்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

திருச்செந்தூரில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலில் முங்கி எழுந்தார். விரலைத் தடவிப் பார்த்தார். "இருபத்தாறு தடவ வந்துட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன், தாயி. இதுதான் மொதத் தடவ" என்றார்.

அங்கிருந்து அவர் தூத்துக்குடி பஸ் ஏறினார். மகள் வீட்டுப் பக்கம் உப்புக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை, மதினி முன்னாலேயே போய்விட்டாள். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டிச் சத்தமாகச் சொன்னார்:

"செல்வி! கடைசித் தட்டுல நாலு துண்டைக் கோணலா வெட்டிரு. பதத்தைக் காதால பாரு. வாயில கீயில போட்டிராத, ஆமா!"