அவங்க மினுக்கி

மாமியார் வைத்த பெயர் அது. கல்யாணமான புதிதில் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டாள். "வந்துட்டா பாரு மினுக்கி!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார் மாமியார். வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் அந்த ரகம் இல்லை. பின்னறையில் கல்மாவையும் சோடாவையும் சலித்துப் பாத்திரம் தேய்க்கும் பொடி செய்ய ஆரம்பித்தபோது, பொட்டலத்தின் மேல் அந்தப் பெயரையே கொட்டை எழுத்தில் அச்சடித்தாள். கடைசிவரை மாமியாரும் அதைப் போட்டுத்தான் சட்டி தேய்த்தார். கணவருக்கோ அது செல்லப் பெயராகவே ஆகிவிட்டது.

பெயரைப் பதிவு செய்த அன்று, "பேடன்ட் வாங்கிட்டோம்" என்று அவர் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். பதிவை முடித்துக் கொடுத்த வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"பேடன்ட் புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சவங்களுக்கு. காப்பிரைட் எழுதினவங்களுக்கு, வரைஞ்சவங்களுக்கு. நீங்க வாங்கினது டிரேட்மார்க். பேரைப் பார்த்ததும் இது இன்னார் சரக்குன்னு ஜனங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் இது."

அவர் பலமாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் மறுபடியும் பேடன்ட் என்றே சொன்னார்.

பொடி சக்கைப்போடு போட்டது. அடிப்பிடித்த பாத்திரம் எங்கே இருந்தாலும் மினுக்கிதான். எவனோ செய்த பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மினுக்கி சரியில்லை" என்று பேசிக்கொண்டார்கள். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடை திறந்தபோது மற்ற கம்பெனிப் பொடிகளையும் வாங்கி அடுக்கினாள். வாசலில் பெரிய போர்டு மாட்டச் சொன்னதும் அவள்தான்: "எல்லா கம்பெனி மினுக்கியும் இங்கே கிடைக்கும்."

அதற்கப்புறம்தான் ஒரு பெரிய கம்பெனி "சூப்பர் மினுக்கி" என்று பொட்டலம் போட்டு இறக்கியது. அவள் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினாள். வழக்குப் போட்ட வேகத்திலேயே எதிர்த்தரப்பு அவளுடைய பதிவையே ரத்து செய்யக் கேட்டது. கூடவே அந்தப் போர்டின் படம்.

"எதுக்கு ரத்து? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"உங்க பேரு பொதுப்பெயர் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. மினுக்கின்னா உங்க பொடி இல்லை, எல்லாப் பொடியும் மினுக்கிதான்னு. பொருளோட பேரையே ஒருத்தர் மட்டும் பிடிச்சு வச்சுக்க முடியாதும்மா."

"ஊரே என் பேரைச் சொல்லுது. அது எனக்குப் பெருமைதானே?"

"பெருமைதான். அதுதான் இப்போ உங்களைக் கவுக்குது."

யாரும் சீண்டாத பொடியாக இருந்திருந்தால் பெயர் பிழைத்திருக்கும்! இப்படியும் ஒரு சட்டமா? கதையைக் கேட்ட எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

கோர்ட்டு நியமித்த அதிகாரி நடத்தும் விசாரணைக்கு முன்னால் வக்கீலம்மா கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "வெறும் மினுக்கின்னு வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. எப்பவும் 'மினுக்கி பாத்திரப் பொடி'. அடுத்தவங்களோடது வெறும் பாத்திரப் பொடி." வீட்டில் கணவர் அதிகாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்து கேள்வி கேட்க, அவள் சொல்லிப் பழகினாள். போர்டையும் கழற்றிப் பரணில் போட்டாள்.

விசாரணை அறையில் அவள் பிசகவே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எப்படித் துருவிக் கேட்டாலும் "மினுக்கி பாத்திரப் பொடி"தான். வக்கீலம்மாவின் முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்போது அந்த வக்கீல் ஒரு தட்டில் பொடியைக் கொட்டி அவள் முன்னால் வைத்தார்.

"இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா."

பொடியைக் கண்டதும் அவளுக்கு அறை மறந்துபோனது, அதிகாரி மறந்துபோனார். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் நெருடினாள். மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது அவங்க மினுக்கிங்க. சரியாச் சலிக்கவே இல்லை. பாத்திரமெல்லாம் கீறிப் போயிடும்."

தட்டச்சு சத்தம் நின்றது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கக்கூட இல்லை; "அவ்வளவுதாங்க" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்ன சொன்னோம் என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பொடி ஒட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த கணவர் பதறி எழுந்தார். "என்ன மினுக்கி, என்ன ஆச்சு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேரை நானே குடுத்துட்டேங்க," என்றாள். "அவங்க கேக்கவே இல்லை. நானே எடுத்துக் குடுத்துட்டேன்."