அம்பாறை வரை ஒரு மகள்

தொண்ணூற்றாறில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்குக் கல்முனையில் பஸ் ஏறினேன். அம்பாறைக்குப் பதினாறு மைல், ஒன்பது ரூபாய். அங்கிருந்து கண்டிக்கு வேறு பஸ். கைக்கடிகாரச் சாமான் வாங்கப் போகிற எனக்கு வயது நாற்பத்தெட்டு, நாலும் ஆண்பிள்ளைகள்.

பக்கத்தில் வந்து அமர்ந்தவள் றிபாயா, மருதமுனைப் பிள்ளை. காரைதீவு தாண்டுமுன் கதையைச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை நிக்காஹ், மாப்பிள்ளைக்கு என் வயது. கண்டி பஸ் நிலையத்தில் சாச்சி, உம்மாவின் தங்கை, காத்து நிற்பார், அவரிடம் சேர்ந்துவிட்டால் தப்பலாம்.

"வாப்பா கையெழுத்துப் போட்டாப் போதுமாம். என்னட்ட ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. ஆரும் விசாரிச்சா, உங்கட மகள் எண்டு சொல்லுங்க மாமா."

ஓம் என்றேன்.

6.50. சம்மாந்துறையில் ஒரு நெல் வியாபாரி ஏறி முன் இருக்கையில் அமர்ந்தார். அடுத்த சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டைக்குப் பதிலாக மூக்குக்கண்ணாடிக் கூட்டை நீட்டிய என்னை ராணுவக்காரர் பரிதாபமாகப் பார்த்துப் போகச் சொன்னார். அவள் சிரித்தாள். தப்பிய மிதப்பில், கேட்காதவருக்கெல்லாம் "என்ட மகள்" என்று அறிமுகம் செய்தேன்.

வியாபாரி திரும்பி, மகள் எந்தக் குடி என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இது சுகம் விசாரிப்பது போல. றிபாயா வாய் திறந்தாள். நான் முந்திக்கொண்டு என் குடியின் பெயரைச் சொன்னேன்.

குடி என்பது எங்கள் குலம், தாய்வழி வருவது. பிள்ளை உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணமே இல்லை. என் குடியில் எனக்கு மகள் பிறக்க வழியில்லை. சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"காக்கா சொந்தக் குடிக்குள்ளயா கலியாணம் முடிச்ச?" என்றார் அவர், அண்ணனை அழைக்கிற முறையில். பிறகு அவள் முகத்தையே பார்த்தார். "இது மருதமுனைத் தறிக்கார முதலாளிர மகளெல்லோ?"

அவள் இல்லை என்றாள். நான் இருமினேன்.

7.30. அம்பாறை. வியாபாரி இறங்கி நேரே டெலிபோன் கடைக்குள் போனார். கண்டி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றேகால் மணிநேரம்.

"மாமா, வேற பஸ்ஸில போவம்."

மொனராகலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறியிருக்கலாம். ஆனால் வியாபாரியின் முன்னால் அவளோடு ஏற எனக்குக் கால் வரவில்லை. "அவர் நெல்லு விலை கேக்கப் போறார் மகள்," என்றேன். அவள் என்னை நம்பினாள்.

8.25க்கு வெள்ளை வான் வந்தது. நான் இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று, தாகமே இல்லாமல் மூன்றாவது இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து இறங்கிய அவள் வாப்பா சத்தம் போடவில்லை. "வா மகள்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்னபோது அது உண்மையாக இருந்தது. அவள் பையை எடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று நினைத்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

8.45 பஸ்ஸில் தனியாகப் போனேன். மஹியங்கனையைத் தாண்டி மலை ஏறும் அந்தப் பதினெட்டு வளைவுகளைப் பற்றி நிறைய எழுதலாம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

2.40. கண்டி. இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வெறுமையானதும் என்னிடம் வந்தார்.

"காக்கா, கல்முனப் பக்கத்தாலயா வாறீங்க? தனிய ஒரு பிள்ள வரல்லியா?"

அவர் முகத்தைப் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அடுத்த பஸ்ஸில வரும்," என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, அவர் போய், பயணிகள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.