திட்டுச் சுவரோடு ஒரு பொங்கல்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கொசு மருந்து அடிப்பவர்கள் வந்து மண் சுவரெல்லாம் பீச்சிவிட்டுப் போவார்கள். அந்த நாற்றமும் வெள்ளைத் திட்டும் பொறுக்காமல், அவர்கள் தெருமுனை தாண்டியதுமே நாங்கள் சாணி மெழுகிவிடுவோம்.

போன வருடம் என் மகனுக்குக் குளிர்காய்ச்சல் வந்து உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிழைத்ததே பெரிது. ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை தந்த மலேரியா ஊழியர், "செவுத்துல குந்துற கொசு அந்த மருந்து பட்டுத்தான் சாவும். அதும்மேல மெழுவிட்டா மருந்து இன்னாத்துக்கு?" என்று கேட்டார்.

அடுத்த முறை மருந்து அடித்தபோது பொங்கல் நெருங்கியிருந்தது. மாமியார் சாணி வாளியோடு வந்தார். "நல்ல நாளும் அதுவுமா ஊடு இப்டியா கெடக்கணும்?"

நான் சுவரை மறைத்து நின்றேன். "வாசல மெழுகுங்க அத்தே. செவுத்த உட்ருங்க."

பேரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாளியை வாசலுக்குக் கொண்டுபோனார். அந்தப் பொங்கலுக்குத் திட்டுச் சுவரோடு நின்றது எங்கள் வீடு மட்டும்தான்.

இப்போது மருந்து அடிப்பவர்கள் வருவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். எனக்கு முன்னால் நடப்பவர் மாமியார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியின் வாளியையே பிடுங்கிவிட்டார்.

"எங்க ஊட்ல இந்த வருசம் யாருக்கும் ஜொரம் வர்ல. செவுத்துல கை வெச்சே, பாத்துக்க!"