புல்தரையில் வைத்த நாற்காலி

ஜூலை முப்பத்தொன்று வந்தால் கெல்லர் மில்ஸ் ஊரே குமட்டும். கல்லூரியைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளின் வாடகை ஒப்பந்தமும் அன்றைக்கு நண்பகலில் முடிகிறது. குடியிருந்த கல்லூரிப் பிள்ளைகள் சோபா, மெத்தை, பாதி தின்ற பீட்சா, வாந்தி காய்ந்த கம்பளம் எல்லாவற்றையும் வாசல் புல்தரையில் கொட்டிவிட்டுப் போவார்கள். புல்தரைக்கு வந்த சாமானை யாரும் எடுத்துக்கொள்ளலாம். த்தூ! இதில் எங்களுக்குப் பெருமை வேறு.

என் பக்கத்து வீட்டு வெர்னா ஹோல்ஸ்டெட் இருபத்தாறு வருஷமாக மாணவர் விடுதியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். மூன்றாவது மாடி, முழுக்க முதல் வருஷப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கழிப்பறை இருக்கும் லட்சணத்தை எழுதினால் உங்களுக்குச் சோறு இறங்காது. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எவன் வீட்டு நினைப்பில் அழுவான், எவனுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவள் கணவன் ஆர்வில் கூரை வேய்ந்துகொண்டிருந்தவன். கூரையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு வருஷம் காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டி அவனுக்கு மின்சாரச் சக்கர நாற்காலி வாங்கினாள் வெர்னா. அதற்குப் பிறகுதான் அவன் யார் தயவும் இல்லாமல் தெருமுனைவரை போய்வந்தான்.

போன வருஷம் வீட்டுக்காரன் அவர்கள் வீட்டையும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டான்; அதே ஜூலை முப்பத்தொன்றில் இவர்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற தபால்காரனான என்னிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. நான்தான் சாமான் ஏற்றினேன். நாற்காலிக்கு மட்டும் இடமில்லை.

"புல்தரையில வை வெர்னா. ஆர்விலைப் புது வீட்டுல இறக்கிவிட்டுட்டு வந்து ஏத்திக்கலாம்."

"எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"சக்கர நாற்காலிய எவன் எடுப்பான்? பைத்தியமா உனக்கு?"

புது வீட்டில் ஆர்விலைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினோம். வழியில் ஒரு புல்தரையில் ஆளுயரக் குளிர்பெட்டி நின்றது. கீறல்கூட இல்லை. வண்டியை நிறுத்தினேன்.

"லாய்ட், வேண்டாம். சீக்கிரம் போயிரலாம்."

"ரெண்டே நிமிஷம்மா."

ஏற்றிக் கட்ட கால் மணி நேரம் ஆயிற்று. வந்து பார்த்தால் நாற்காலி இல்லை.

மூன்று தெரு தாண்டிக் கூச்சல் கேட்டது. பீர் பீப்பாயை நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டை கட்டி, ஓடை இறக்கத்தில் உருட்டிவிட்டிருந்தார்கள். ஒருத்தன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பாதி நாற்காலி சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தது.

"டேய், அது ஒரு மனுஷனோட காலுடா!" என்று கத்தினேன்.

"புல்தரையிலதானே இருந்துச்சு சார்! சும்மா போட்டதுன்னு நெனச்சோம்," என்றான் ஒரு சிவப்புத் தொப்பி. வெர்னாவிடம் ரொம்ப மரியாதையாகத் திரும்பினான். "சாரி மேடம். எங்கப்பா பணம் குடுத்துருவார். நம்பர் எழுதிக்கோங்க."

வெர்னா அவனையே பார்த்தாள். "நீ பிரெய்டன்தானே? மூணாவது மாடி, கடைசி ரூம்?"

"ஆமா..." அவன் முழித்தான். "நாம சந்திச்சிருக்கோமா மேடம்?"

ஒரு வருஷம் இவன் வாந்தியை அள்ளியவள். சீ, இதெல்லாம் ஒரு படிப்பா!

அவன் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டால் பீட்சாக் கடை எடுத்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு நாற்காலிதான் என்று கைவிரித்தது காப்பீடு. ஆர்வில் இப்போது ஜன்னலோரம் படுத்திருக்கிறான். வெர்னா அதே மாடியைக் கழுவுகிறாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். காப்பிக்குப் பால் எடுக்க அந்தக் குளிர்பெட்டியைத் திறந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா ஓடுதா லாய்ட்?"

"ஓடுது," என்றேன்.

"எனக்குப் பால் வேண்டாம்," என்றாள்.