பதினொரு மணித் தண்ணீர்

ஆற்றோர மீன்குஞ்சுப் பண்ணையில் அவளுக்கு வைத்த பெயர் 'அலாரம்'. பத்தொன்பது வருடமாக, விடிவதற்கு முன்பே கேட்டைத் திறந்துகொண்டு நுழைகிறவள். ஆற்றுக்குள் கட்டிய வலைக்கூண்டுகளில் விரல் நீளக் குஞ்சுகளுக்குத் தீனி போடுவது, நோஞ்சானைப் பிரித்தெடுப்பது, கிழிந்த வலையைத் தைப்பது எல்லாம் அவள்தான்.

"எந்திரிச்சதும் மீனுக்கு மூச்சு இருக்கான்னு பாக்க ஓடுற. எனக்கு இருக்கான்னு ஒருநாளாவது பாத்திருக்கியா?" என்பார் கணவர்.

"உங்க குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குது. அதை வேற தனியாப் பாக்கணுமா?"

அந்தத் திங்கட்கிழமை விடியலில், நீரோட்டம் குறைந்த மூலையிலிருந்த மூன்றாம் கூண்டில் அத்தனை குஞ்சுகளும் வயிறு மேலே தெரிய மிதந்தன. தண்ணீர் சாயம் கரைத்தது போலப் பச்சையாக இருந்தது. மேட்டு வயல்களின் உரமும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் இறங்குகின்றன, அதைத் தின்று பாசி கொழுக்கிறது என்று அவள் ஒரு மாதமாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தண்ணீர் சோதிக்கும் அதிகாரி வழக்கம்போலப் பதினொரு மணிக்கு வந்தார். வருகைப் பதிவு, ஒரு டீ, அப்புறம்தான் ஜீப். மீட்டரை ஆற்றில் இறக்கிப் பார்த்தார்.

"ஆக்சிஜன் அமோகமா இருக்கு. தீனியை அள்ளிக் கொட்டிக் கொன்னுட்டீங்க."

'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். வெள்ளிக்கிழமை வரவிருக்கும் புதுக்குஞ்சுகளும் இதே தண்ணீரில்தான் இறங்கும்.

"போட மாட்டேன்."

"மீட்டர் பொய் சொல்லுமாம்மா?"

"சொல்லாது சார். நீங்க பாக்குற நேரம்தான் தப்பு. வெயில் இருந்தா பாசி காத்தை வாரி விடும். இருட்டுனா அதே பாசி இருக்கிற காத்தையும் உறிஞ்சிரும். பெரிய மீனு நல்ல தண்ணி தேடி ஓடிரும். கூண்டுக்குள்ள இருக்கிற பொடிசு எங்க சார் ஓடும்? காலைல அஞ்சு மணிக்கு வந்து பாருங்க."

"படிச்சது நீங்களா, நானா?"

"நீங்கதான். அதனாலதான் கூப்பிடுறேன்."

ஜீப் ஓட்டுநர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அதிகாரி தாளை அவள் கையில் திணித்துவிட்டு, "நாளைக்குள்ள கையெழுத்தோட வரணும்" என்று கிளம்பினார்.

மறுநாள் ஐந்து மணிக்கு, பண்ணையின் பழைய சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் கூண்டருகே இறங்கினாள். காற்றுக்குமிழி புகாமல் புட்டியில் ஆற்றுநீரைப் பிடித்து, இரண்டு மருந்துகளை விட்டு மூடினாள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளை. பால் போல வெளுத்தது. பதினொரு மணிக்கு அதே இடத்தில் இன்னொரு புட்டி: டீ டிகாக்‌ஷன் போலப் பழுப்பு.

நேரம் எழுதி ஒட்டி, துண்டில் சுற்றி, பஸ் ஏறினாள். இரண்டையும் அதிகாரியின் மேசையில் 'டங்'கென்று வைத்தாள். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் முதல் வருடமே செய்து பார்த்த சோதனை. வெள்ளைப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"கையெழுத்து?" என்றார், குரல் இறங்கியிருந்தது.

அவள் தாளை மேசையில் விரித்து, பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எழுதினாள்: 'காலை ஐந்து மணிக்குத் தண்ணீரைப் பார்த்த பிறகு.'

புதன்கிழமை நான்கு ஐம்பதுக்கு ஜீப் வந்தது. காலியான மூன்றாம் கூண்டில் மீட்டர் இறங்கியது. ஆக்சிஜன் எண் ஒன்றுக்கும் கீழே போய் நின்றது; மீன் பிழைக்க நாலாவது வேண்டும். பக்கத்துக் கூண்டுகளில் காற்றுப் பம்பு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மாலையே யாரையும் கேட்காமல் அவள் வாடகைக்கு எடுத்துப் பொருத்தியது.

அதிகாரி அந்தத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "வெள்ளிக்கிழமை குஞ்சு இறக்க வேண்டாம். நிறுத்திரச் சொல்லுங்க" என்றார்.

"குஞ்சு வண்டியை நேத்தே போன் பண்ணி நிறுத்திட்டேன் சார்" என்றாள் அலாரம். "நீங்க அந்த உரத்தையும் சாக்கடையையும் நிறுத்துங்க."