திராட்சை இல்லாத தக்காளி

ஸ்தமாத்தா என்றால் எங்கள் கிரேக்கப் பேச்சில் "நிறுத்து" என்று அர்த்தம். பெண் குழந்தைகள் போதும், அடுத்ததை ஆணாக அனுப்பு என்று கடவுளுக்குச் சொல்லியனுப்புவதற்காக வைக்கிற பெயர். அந்த வீட்டில் கடவுள் அதை அரைக்காதில்தான் கேட்டிருக்க வேண்டும். ஸ்தமாத்தாவுக்குப் பிறகு பெண்ணும் பிறக்கவில்லை, ஆணும் பிறக்கவில்லை. அக்கா எவாந்தியா, தங்கை ஸ்தமாத்தா, அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

நான் கல்லிரோயி, எங்கள் தீவின் ப்ளோமாரி ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவரின் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமையானால் மேல்தெருவும் கீழ்த்தெருவும் எங்கள் அடுப்பில்தான் சாப்பாட்டை வேகவைக்கும். பெண்கள் கோவிலுக்குப் போகிற வழியில் தாம்பாளத்தை வைத்துவிட்டுப் போவார்கள், பூசை முடிந்து திரும்பும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் ஈயம் பூசிய செம்புத் தாம்பாளங்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அதனால் ஓரத்து உருளைக்கிழங்கில் ஆளுக்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். ஒருத்தி பிரிஞ்சி இலையைச் செருகுவாள், ஒருத்தி கத்தியால் கீறிவிடுவாள். இருந்தும் தாம்பாளம் மாறிப்போகும். மாறினால் திட்டு யாருக்கு? எனக்குத்தான். அடுப்படியில் வெந்தது போதாதென்று இவர்கள் வாயிலும் வேகவேண்டும்.

ஸ்தமாத்தாவின் அடையாளம் கிராம்பு. அது அவள் அம்மாவின் அடையாளம். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அம்மாவோடு இருந்துவிட்டதால் வீடும் கிராம்பும் அவளுக்கு வந்தன. சோப்புக் கம்பெனியில் கட்டிகளுக்கு முத்திரை அடித்து அடித்து அவள் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துபோயிருந்தது. ஆனால் காய்கறி விஷயத்தில் ராணி மாதிரி நடந்துகொள்வாள். பூசணிப் பூவை விடியலில் விரிந்திருக்கும்போதே பறித்து அரிசி அடைத்துவிடுவாள். வெயில் ஏறிய பிறகு பறித்தவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பீன்ஸோ கத்திரிக்காயோ, தண்ணீரெல்லாம் வற்றி எண்ணெய் மட்டும் நிற்கிற வரை அடுப்பிலிருந்து எடுக்க விடமாட்டாள். "தண்ணி தெரியுதுடி, உள்ள தள்ளு" என்பாள். எடுத்த பிறகும் சூடாகச் சாப்பிடுகிறவர்களை மனிதர்களாகவே மதிக்கமாட்டாள்.

அவள் கைமணம் முழுசாகத் தெரிவது அரிசி அடைத்த தக்காளியில்தான். இறைச்சி சேர்க்காமல் செய்வதை நாங்கள் "அநாதை" என்போம். வெங்காயம், புதினா, அரிசி, ஆலிவ் எண்ணெய், அப்புறம் ஒரு பிடி உலர்திராட்சை. ஸ்தமாத்தாவின் அநாதைகளில் மட்டும் திராட்சை இருக்காது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு அது பிடிக்காது. சின்ன வயதில் எவாந்தியாதான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தக்காளிக்கு வேண்டிய அரிசியிலிருந்து திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுப்பாளாம். அந்தத் தக்காளியில் வெட்டியெடுத்த மூடியைக் கவிழ்த்து வைப்பாளாம், தங்கையுடையது என்று தெரிவதற்காக. இதைச் சொல்லும்போது ஸ்தமாத்தாவின் குரல் வேறாக இருக்கும்.

வேறாக இல்லாமல் எப்படி இருக்கும்? அந்த அக்காவோடு அவளுக்குப் பல வருஷமாகப் பேச்சில்லை. எவாந்தியா கடல் தாண்டிப் பிரேயஸ் துறைமுகத்துக்குக் கட்டிக்கொடுத்துப் போனவள். அம்மா படுத்தபோது அவள் பிள்ளைத்தாய்ச்சி, மாசம் நிறைந்திருந்தாள். இந்தச் செய்தியைக் கேட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து ஸ்தமாத்தா தந்தி அடிக்காமல் தள்ளிப்போட்டாள். அப்புறம் அடித்தபோது குளிர்காலப் புயலில் கப்பல் நின்றுபோயிருந்தது. எவாந்தியா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது மண் மூடியிருந்தார்கள். கல்லறையில் வைத்து ஊர் கேட்கச் சொன்னாள்: "அம்மாவ நீ ஒருத்தியே வச்சுக்கிட்ட. இனி நான் கூப்பிடாம என் வாசப்படிய மிதிக்காத."

பிறகு புருஷன் செத்து, எவாந்தியா ஊரோடு வந்துவிட்டாள். மேல்தெருவில் வீடு. இவள் கீழ்த்தெருவில். நடுவில் என் அடுப்பு. ஸ்தமாத்தா அந்த வாக்கை ஒரு நாளும் மீறவில்லை. கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். ஞாயிறுதோறும் தாம்பாளத்தை எடுக்க வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்பாள்.

"அவ என்னடி செஞ்சிருக்கா?"

"கத்திரிக்கா, உருளக்கிழங்கு, குடமிளகா."

"எண்ணெய் போதுமான்னு பாத்தியா?"

"போதும்க்கா."

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

"இல்லக்கா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு எவாந்தியா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும். ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்?

மாதா நோன்பு நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் ஞாயிறு அது. நோன்பு என்பதால் வந்த தாம்பாளமெல்லாம் அநாதைதான். வசந்தகாலத்திலிருந்தே எவாந்தியாவின் தாம்பாளத்தை அவள் மகள் ரினியோதான் கொண்டுவருகிறாள். ஏதென்ஸில் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து இருக்கிறாள். "அம்மா எங்கடி, கண்ணுலயே படல?" என்று கேட்டால் "கால்வலி அத்தை" என்பாள். சரி, மேட்டுத்தெருவில் யாருக்குத்தான் கால்வலி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து ஸ்தமாத்தா வந்தாள், கிராம்பைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க அதே தாம்பாளத்தோடு திரும்பி வந்தாள்.

"கல்லிரோயி, இது என்னோடது இல்ல."

"கிராம்பு இருக்கே. ஆரம்பிக்காதீங்க, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

"இங்க பாருடி."

நடுவில் ஒரு தக்காளி. மூடி கவிழ்ந்திருந்தது. மற்றவற்றின் மூடியையெல்லாம் தூக்கிப் பார்த்திருக்கிறாள், எல்லாவற்றிலும் திராட்சை. இதில் மட்டும் இல்லை.

நான் தாம்பாளங்கள் வைக்கிற பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இன்னொரு தாம்பாளம், அதிலும் கிராம்பு, அதுதான் ஸ்தமாத்தாவுடையது. எவாந்தியா வழக்கமாகப் பிரிஞ்சி இலைதான் செருகுவாள். இந்தத் தடவை அம்மாவின் கிராம்பைக் குத்தியிருக்கிறாள்.

"எனக்குன்னு வச்சிருக்கா" என்றாள் ஸ்தமாத்தா. "தாம்பாளம் மாறணும்னே கிராம்பு குத்தியிருக்கா. வாயத் தெறந்து கூப்பிட வெக்கம், அவ எப்பவும் அப்படித்தான். என்னக் கூப்பிடுறாடி."

அவள் அழவில்லை. சிரித்தாள். அந்த வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பண்டிகைக்கு உடுத்துகிற கறுப்பு உடையும் அம்மாவின் தோடுமாக வந்தாள். "நீயும் வாடி, நான் தனியாப் போக மாட்டேன்" என்றாள். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

ரினியோதான் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"சித்தி..." என்றாள். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அம்மா..."

அதற்குள் உள்ளேயிருந்து எவாந்தியா வந்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தாள். தலை வாரி, ஏப்ரன் கட்டி, கன்னம் சிவந்து. அவளைப் பார்த்ததும் ஸ்தமாத்தா வாசற்படிக்கு இந்தப்பக்கமே நின்றாள்.

"வாங்கம்மா, ஏன் வெளியிலயே நிக்கிறீங்க? நம்ம தாம்பாளத்தக் கொண்டாந்தீங்களா? நல்லாருப்பீங்க" என்றாள் எவாந்தியா.

"அக்கா" என்றாள் ஸ்தமாத்தா. "நான்தான். ஸ்தமாத்தா."

எவாந்தியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, வயசானவங்களுக்குக் கேலியப் பாருங்க. என் தங்கச்சி பேரத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வம்புக்கு இழுக்கறாங்க. உக்காருங்கம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

ரினியோ என் காதோரம் சொன்னாள். "வசந்தத்துல இருந்து இப்படித்தான். ஊர் சிரிக்கும்னு வெளிய சொல்லல. ஆனா சமையல் மறக்கல அத்தை. காலையில எல்லாம் அவங்களே அடைச்சாங்க. திராட்சையப் பொறுக்கிக்கிட்டே இருந்தாங்க, எதுக்குன்னு எனக்குத் தெரியல."

உட்கார்ந்தோம். வேறென்ன செய்வது? எவாந்தியா தட்டுகளை வைத்தாள். எங்களுக்கு ஆளுக்கொரு தக்காளி, ஒரு துண்டு உருளைக்கிழங்கு, அடியில் நின்ற எண்ணெயைக் கரண்டியால் மேலே ஊற்றினாள். மூடி கவிழ்ந்திருந்ததை மட்டும் தனியாக ஒரு சின்னத் தட்டில் எடுத்து வைத்து, இன்னொரு தட்டால் மூடினாள். ஸ்தமாத்தாவின் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் போனது.

"அது வேணாம்மா, தொடாதீங்க" என்றாள் எவாந்தியா. கோபமில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னாள். "அது என் தங்கச்சியோடது. சோப்புக் கம்பெனிக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா. வாயில ஒரு திராட்சை பட்டாலே துப்பிடுவா, கழுத."

ஸ்தமாத்தா கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "ரொம்பச் செல்லமோ உங்களுக்கு?"

"அவளா? அவ இல்லாம எனக்குச் சோறே எறங்காது. ஆனா இப்ப எதுக்கோ கோவிச்சுக்கிட்டிருக்கோம். என்னத்துக்குன்னுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. வந்தா அவளையே கேக்கணும்." எவாந்தியா ரொட்டியைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினாள். "நீங்க கீழ்த்தெருதானே? வழியில அவளப் பாத்தீங்கன்னா சொல்லுங்கம்மா. அக்கா கூப்பிட்டான்னு சொல்லுங்க."

எத்தனையோ ஞாயிறு என் அடுப்படியில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். நான் ஏப்ரன் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சொல்றேன்" என்றாள் ஸ்தமாத்தா.

பிறகு முள்கரண்டியை எடுத்துத் தன் தட்டில் இருந்த தக்காளியைச் சாப்பிட ஆரம்பித்தாள். நன்றாக மென்று, நிதானமாக விழுங்கினாள். "உப்பு சரியா இருக்கா?" என்று எவாந்தியா கேட்டதற்கு "ரொம்ப நல்லாருக்கு" என்றாள். கடைசியில் அவள் தட்டில் ஒரு திராட்சைகூட மிச்சமில்லை.